மெருகு தேய்ந்த இடம்

கிட்டாரை மடியில் வைத்ததும் ஹெஸ்ரோன் கிசியாவின் வலது முன்கை தானாக ஓர் இடத்தில் போய் விழும். உடனே குனிந்து பார்ப்பார். கையை நாலு விரல்கடை பின்னுக்கு இழுத்து, வார்னிஷ் போய் வெளுத்திருக்கும் இடத்தின்மேல் வைத்துக்கொள்வார். பிறகுதான் தந்தியைத் தொடுவார். அரைப் பாட்டுக்குள் கை நழுவிப் பழைய இடத்துக்கே வந்திருக்கும். மறுபடி குனிவார், மறுபடி இழுப்பார். இரண்டு வருஷமாக இதே வேலை. எதிரே உட்கார்ந்து, வரி வரியாக மேடு வைத்த சோடா பாட்டிலைச் சாவியால் சுரண்டித் தாளம் போடும் கூட்டாளி அகேசா, "இன்னும் பழகலையா?" என்று கேட்பான். ஹெஸ்ரோன் அடுத்த பாட்டுக்குத் தந்தியை முறுக்குவார்.

ம்பாலே சந்தையில் மாவு மில்லுக்கு எதிரே நீலக் கதவு போட்ட தையல்கடை அவருடையது. வயது அறுபத்தொன்று. ஒல்லி, நெட்டை, கை மட்டும் அந்த நெட்டைக்கும் கூடுதலான நீளம். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டுப் பட்டனும் போட்டிருப்பார். "கடைக்குப் பலகை எதுக்கு? நானே பலகை" என்பார். ஒருவர் தோளில் நாடாவை வைத்தால் இன்னொருவர் பேச்சுக்குத் திரும்பமாட்டார். முன்பே தைத்த அளவு இருக்கிறதே என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "போன வருஷத்துக் கையா இது? எல்லாக் கையும் ஒண்ணுன்னா எனக்கு எதுக்குக் கடை?"

கிட்டாரையும் அப்படித்தான் வைத்திருந்தார். முப்பது வருஷத்துக்கு முன் கிசுமு நகரத்தில் வாங்கியது. கண்ணாடி மாதிரிக் கெட்டியான பூச்சு. வாசித்து முடித்ததும் ஃபிளானல் துணியால் முகம் துடைப்பதுபோல் துடைத்து, பெட்டியில் நாஃப்தலின் உருண்டை போட்டுப் படுக்கவைப்பார். சட்டைக்கை நடுவில் இருப்பதால் வியர்வைகூட மரத்தில் படாது. முப்பது வருஷம் ஞாயிறு தவறாமல் வாசித்தும் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் கொண்டுபோனால், நேற்று வாங்கியதா என்று கேட்பார்கள். "வாசிக்கிற கிட்டாரா, இஸ்திரி போட்டு மாட்டுற கிட்டாரா?" என்று அகேசா சந்தையில் எல்லோர் முன்னாலும் கேட்டது இன்றும் அவருக்கு நெஞ்சில் நிற்கிறது.

அவர் மனைவி மிநாயோவின் அண்ணன் ஜாவன் அசாவா. கல்குவாரியில் கல் உடைத்தவர். கட்டை குட்டையான ஆள், கையும் குட்டை, கையில்லாத பனியன். அவருடைய கிட்டார் சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கும். புகை படியும், கோழி ஏறி உட்காரும். அதைத்தான் ஊர் தொட்டுப் பார்க்கும்.

முன்கை அழுந்தும் விளிம்பில் முதலில் பளபளப்பு செத்திருக்கிறது, பிறகு மயிரிழை வெடிப்பு, பிறகு மஞ்சள், நடுவில் வியர்வை குடித்துச் சாம்பல் நிறமான வெறும் மரம். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கோடு கிழிக்க முடியாது. மல்லாந்தே கிடக்கும் கைக்குழந்தைக்குப் பின்மண்டை வழுக்கையாவது அப்படித்தான். நடுவில் உள்ள ஓசைத் துளைக்குக் கீழே சுட்டுவிரல் நகம் உரசி உரசிக் கட்டைவிரல் நுனி உட்காரும் அளவுக்குப் பள்ளம். முதுகில் பெல்ட் பக்கிள் கீறிய கோடுகள். சின்னப் பிள்ளைகள் பள்ளத்தில் விரல் வைத்துப் பார்க்கும். பெரியவர்களும் வைப்பார்கள். ஜாவன் கிட்டாரை நீட்டிவிட்டு வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அலட்சியத்தைப் பார்த்தால்தான் ஹெஸ்ரோனுக்கு உடம்பெல்லாம் எரியும். "பாத்துக்காதவனுக்குப் பேரு. பாத்துக்கிட்டவன வாசிக்கத் தெரியாதவன்னு சொல்றாங்க" என்று மனைவியிடம் சொல்வார். மிநாயோ, உகாலிக் களியைக் கிளறுவதை நிறுத்தாமல், அதற்கு அண்ணன் என்ன செய்வான் என்று கேட்பார்.

மகள் கதேன்யிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எரிச்சல் நோயாகிவிட்டது. கதேன்யி பிறந்த வாரம் ஹெஸ்ரோன் கட்டிய பாட்டு ஒன்று இருக்கிறது. பெண் வாசலைவிட்டு இறங்கும்போது அதை வாசித்து அனுப்ப வேண்டும் என்பது இருபத்தாறு வருஷத்து எண்ணம். நாள் குறிக்க வந்த சம்பந்தி வீட்டாரில் பையனின் சித்தப்பா தேநீரை வாங்கிக்கொண்டே, மெருகு போன கிட்டார் வைத்திருக்கிறாரே ஜாவன், பெண் இறங்கும்போது அவர்தான் வாசிக்க வேண்டும் என்றார். தேநீர் கொடுத்த கை ஹெஸ்ரோனுடையது. பெண்ணின் அப்பாவே வாசிப்பார் என்று மிநாயோ சொன்னார். "ஓ, அவரும் வாசிப்பாரா? சரி, அன்னைக்குப் பார்த்துச் சொல்றோம்" என்றார் சித்தப்பா.

பார்த்துச் சொல்வதென்றால் எதைப் பார்ப்பார்கள் என்று ஹெஸ்ரோனுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு ஜாவன் கிட்டாரோடு சாப்பிட வந்தார். அன்று அடித்த கோழியின் இரைப்பை வழக்கப்படி வீட்டுக்காரர் தட்டில் இருந்தது. ஹெஸ்ரோன் அதைத் தொடாமல், வயிற்றுவலி என்று சொல்லி, கிட்டார் வைத்திருந்த உள் அறைக்குப் போனார். மச்சானின் கிட்டார்மேல் செய்தித்தாளை விரித்து, தையல் சாக்பீஸால் தேய்மானத்தின் ஓரத்தை வரைந்தார். துளைக்குக் கீழுள்ள பள்ளத்தையும் வரைந்தார். கத்தரியால் வெட்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, ஆறிப்போன இரைப்பையைச் சாப்பிட்டார்.

மூன்று வாரம் மதிய நேரங்களில் கடைக்கதவு சாத்தியிருந்தது. காகிதத்தைத் தன் கிட்டார்மேல் குண்டூசி இல்லாமல் நூல் கட்டி நிறுத்தி, உப்புத்தாளால் தேய்த்தார், பள்ளத்தையும் சுரண்டி எடுத்தார். ஓரம் வெட்டினதுபோல் தெரியாமல் இருக்க ஃபிளானல் துணியாலேயே மங்க வைத்தார். அந்தத் துணி இத்தனை வருஷம் காப்பாற்றிய பளபளப்பு அது. வெள்ளையாக எட்டிப்பார்த்த மரத்துக்குப் பால் விடாத தேநீரும் தையல் மெஷின் எண்ணெயும் பூசினார்.

சட்டைக்கையில் படிந்த தூளைப் பார்த்து மிநாயோ கண்டுபிடித்துவிட்டார். கத்தவில்லை. கிட்டாரைத் திருப்பி அதன் கழுத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். கட்டைவிரல் ஓடும் வழி நெடுக மெருகு செத்து, பட்டுபோல் மங்கியிருந்தது.

"இது யாரு தேய்ச்சது? உங்க விரல்தானே. இதக் காட்டுங்க."

"கழுத்துக்குப் பின்னாடி எவன் பாக்குறான்?"

"அப்ப பாக்குறவனுக்காகவா வாசிக்கிறீங்க?"

அவர் கிட்டாரைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்தார்.

கல்யாணத்தன்று தார்ப்பாய்ப் பந்தலில் சித்தப்பா வந்து கிட்டாரை வாங்கிப் பார்த்தார். தேய்மானத்தைத் தடவினார், பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தார். இதுவும் உழைத்த கிட்டார்தான், அப்பாவே வாசிக்கட்டும் என்றார். அதைக் கேட்ட ஹெஸ்ரோன் முதல்முறையாக மச்சானைப் பார்த்துச் சிரித்தார்.

சாப்பாட்டு வேளையில் ஜாவன் ஆட்டத்துக்கு வாசித்தார். வட்டம் சூடுபிடித்தபோது அவருடைய மூன்றாம் தந்தி அறுந்தது. ஆடினவர்கள் நிற்க மாட்டோம் என்றார்கள். மிநாயோ யோசிக்கவே இல்லை. கணவர் மடியிலிருந்த கிட்டாரைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தார்.

ஜாவனின் கை, காஜாவில் பட்டன் விழுந்ததுபோல், அந்தத் தேய்மானத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு நூல் இடம் மிச்சமில்லை. சுட்டுவிரல் நேராகப் பள்ளத்துக்குப் போனது. அகேசாவின் சாவி பாட்டில்மேல் ஒரு தாளம் நின்றது. சித்தப்பா நாலடி தள்ளி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். ஊரில் இருபது வருஷம் எல்லோருக்கும் அளவெடுத்தவர், அடுத்தவர் கைக்கு வெட்டித் தன் கிட்டாருக்குப் போட்டிருந்தார். பெண்ணைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் முன்னால் மானம் போக ஜாவனின் ஒரு வார்த்தை போதும்.

ஜாவன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஹெஸ்ரோனைப் பார்த்தார். பிறகு முன்கையை அந்த இடத்திலிருந்து எடுத்து, எதன்மேலும் படாமல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தார். கல் உடைத்த கைதான், ஆனாலும் அரைமணி நேரம் அப்படி வைத்தால் எந்தத் தோளும் நடுங்கும். வியர்வை முழங்கையிலிருந்து சொட்டியது. இது புது மாதிரி என்று பிள்ளைகள் காட்டிச் சிரித்தார்கள். முடிந்ததும் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல சத்தம் மாப்ள" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் ஹெஸ்ரோன் பிழைத்திருப்பார். கதேன்யி வாசலில் இறங்கினாள். சித்தப்பா பக்கத்திலேயே நின்றதால் அவர் கையை மச்சானின் இடத்தில்தான் வைத்தாக வேண்டியிருந்தது. கையைப் பின்னால் இழுத்ததில் விரல், தந்திகளைக் கட்டியிருக்கும் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் போய்விட்டது. பாட்டு மெலிந்து, தகரத்தைத் தட்டினதுபோல் வந்தது. இரண்டாம் அடியில் ஓரிடம் விட்டுப்போனது. வண்டியில் ஏறப்போன மகள் அந்த இடத்தில் மட்டும் திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா கை தட்டினார்.

அதற்குப் பிறகு தேய்த்ததை மூடிப் பூச முடியாது, மூடினால் ஏன் என்று ஊர் கேட்கும். அதனால்தான் அந்தக் கையிழுப்பு. ஜாவன் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காகவும் ஹெஸ்ரோன் அவரை மன்னிக்கவில்லை.

போன மாதம் ஜாவன் ஒரு சட்டைத் துணியோடு நீலக் கதவுக் கடைக்கு வந்தார், பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று. ஹெஸ்ரோன் நாடாவை எடுத்தார். கழுத்து, மார்பு, தோள். தோளிலிருந்து மணிக்கட்டு. நோட்டில் குறித்தார். சட்டைக்கு அத்தோடு சரி. அவர் நாடாவைச் சுருட்டவில்லை. ஜாவனின் வலது முன்கையை மடக்கி, முழங்கை முனையிலிருந்து சுட்டுவிரல் நுனிவரை நாடாவைப் பிடித்தார். எந்தச் சட்டைக்கும் வேண்டாத அளவு. ஒருமுறை பார்த்தார், தன் கையைவிடச் சரியாக நாலு விரல்கடை குறைவு. நம்பாமல் மறுபடி முழங்கையிலிருந்து பிடித்தார். ஜாவன், அவர் முடிக்கும்வரை, கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார்.