ரூட் கெனாலுக்கு மறுநாள்

பல் டாக்டருக்கு நாற்காலியில் படுத்திருப்பவரிடம் பயமில்லை. மறுநாள் காலை அவரிடமிருந்து வரும் போனிடம்தான் பயம். ரூட் கெனால் செய்துகொண்டு கன்னத்தைப் பிடித்தபடி வீடு போனவர்களே, உங்களோடு சேர்ந்து நாங்களும்தான் தவித்தோம்.

ஒரே மூச்சில்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டும் குமரன் அண்ணன் வந்தார். லீவு கிடைக்காது, இன்றே முடித்துவிடுங்கள் என்றார். நானும் கெட்டிக்காரி என்று காட்ட, வேரைச் சுரண்டும் ஊசியைக் கையாலேயே விறுவிறுவென்று ஓட்டி முடித்தேன். மறுநாள் போன். "டாக்டர், நேத்து பல்லு மட்டும்தான் வலிச்சுச்சு. இன்னிக்கு லோரி குழியில எறங்குனா மண்டை வரைக்கும் வலிக்குது லா!"

குப்பை

அதற்குப் பிறகு கன்னம் வீங்கி மூன்று நாள் மனிதர் வேலைக்குப் போகவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் போன் செய்து விசாரித்தேன். கிளினிக்கின் மூத்த டாக்டர் சாந்தி அக்கா எக்ஸ்ரேயைப் பார்த்தார். நான் ஊசியை அளவு தாண்டி அழுத்தியதில், உள்ளே இருந்த அழுக்கு வேர் நுனி வழியாக வெளியே போயிருக்கிறது. அவர் திட்டவில்லை. "கூட்டுறது சரிதாம்மா. குப்பையைப் பக்கத்து வீட்டுல தள்ளுனா அவங்க சும்மா இருப்பாங்களா?"

பூசத்துக்குப் பத்து நாள்

இரண்டு வருடம் கழித்து அதே அண்ணன், இன்னொரு பல்லோடு. மகள் ஆபரேஷன் முடிந்து பிழைத்ததற்காக, தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் கோயிலில் கன்னத்தில் அலகு குத்துவதாக வேண்டுதல். கன்னம் வீங்கினால் வேண்டுதல் நின்றுபோகும். வேறு டாக்டரிடம் போகலாமே என்றேன். மூன்று நாளும் போன் செய்து விசாரித்தது நான்தானாம், அதனால் என்னிடமேதான் செய்துகொள்வாராம். ஆனால் நாற்காலியில் படுத்ததும் அவர் கைகள் நடுங்கின.

"அலகுக்கே பயப்படாதவரு, இதுக்கா அண்ணே நடுங்குறீங்க?" என்றேன்.

"அங்க முருகன் இருக்காரு. இங்க நீங்க மட்டும்தானே டாக்டர்!"

போன் வராத காலை

இம்முறை வேரின் நீளத்தை இரண்டு தடவை அளந்தேன். மெஷின் ஊசியை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அடிக்கடி மருந்துத் தண்ணீரால் கழுவினேன். கடிக்கும்போது இடிக்காமலிருக்கப் பல்லின் மேல்பக்கத்தை லேசாகத் தேய்த்தேன். மரத்துப்போனது தெளியும் முன்பே வலி மாத்திரையும் கொடுத்தேன். மறுநாள் போன் வரவில்லை. அதுவே பயத்தைக் கூட்டியது. நானே அழைத்தேன், அவர் மனைவி எடுத்தார். "வேலைக்குப் போயிட்டாரு டாக்டர். வலி இருந்தா என்மேலதான் எரிஞ்சு விழுவாரு, இன்னிக்குச் சிரிச்சுட்டே போனாரு."

தைப்பூசத்தன்று கன்னத்தில் அலகோடு அவர் நிற்கும் படம் போனில் வந்தது. வலிக்காத பெருமை முழுக்க முருகனுக்குத்தான், வீங்காத கன்னத்தில் மட்டும் எனக்கும் ஒரு பங்கு உண்டு.