கண்ணாயிரம் சம்சாரம்

வியாகுலமேரி அக்காவைப் பற்றிச் சொல்ல வந்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. மஞ்சக்குப்பத்தில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் அவர் கிளார்க், நான் ஸ்டோர் கீப்பர். அவருடைய மேஜையில் ஒரு சாப்பாட்டு இலையைக்கூட ஒழுங்காக விரிக்க முடியாது. அதனால் காகிதங்களை அள்ளிக்கொண்டு என் ஸ்டோருக்கு வந்து அரிசி மூட்டைகளின் மேல் பரப்பிவிடுவார். சமையல்காரி உலையை வைத்துவிட்டு அங்கே கத்துவாள். மூட்டையைத் தொடப் போனால், "அப்துலு, செத்த பொறு" என்பார். பொறு என்றால் எப்படிப் பொறுப்பது?

ஆனாலும் அந்த வேலையை அந்தக் காலத்தில் வேறு யார் செய்தார்கள்? ஒரு பிள்ளை தொலைந்து எங்களிடம் வந்தால் எங்களிடம் ஒரு பதிவு இருக்கும். பிள்ளையைக் காணோம் என்று ஏதோ ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ஒரு புகார் இருக்கும். தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அங்கே ஒன்று, குடும்பத்தில் யாராவது செத்துப்போயிருந்தால் தாலுகா ஆபீசில் ஒன்று. பங்காளிச் சண்டை போட்ட வீடுகள் மாதிரி, இந்த ஆபீஸ்கள் ஒன்றோடொன்று பேசாது. அக்கா பஸ் ஏறிப் போய், ஒவ்வொரு குமாஸ்தாவிடமும் கெஞ்சி, எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டு வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்தே எத்தனையோ பிள்ளைகளை வீடு சேர்த்திருக்கிறார். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை.

அக்காவின் புருஷன் துறைமுகத்தில் படகுக்கு மூட்டை ஏற்றியவர். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. "தனக்கு இல்லாதவதான் ஊரான் புள்ளைக்கு இந்தப் பாடு படுவா" என்று ஆபீசில் ஒருவன் சொன்னான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அக்காதான் வந்து விலக்கிவிட்டார்.

அறுபதுகளில் ஒரு வருஷம் கொள்ளிடம் உடைத்துக்கொண்டது. சிதம்பரம் பக்கத்து ஊர்களிலிருந்து படகில் மீட்டவர்களில் சிலரை லாரியில் கடலூருக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஆள் துணையில்லாமல் வந்தவள் பொன்னி. ஐந்து வயது இருக்கும்.

"அப்பா பேரு என்ன கண்ணு?"

"கண்ணாயிரம்."

"அம்மா பேரு?"

"அம்மா."

அதற்கு மேல் பிள்ளைக்கு என்ன தெரியும்? அப்பாவை ஊரே பேர் சொல்லிக் கூப்பிடும். அம்மாவை அவள் அம்மா என்றுதான் அறிவாள்.

அக்கா சிதம்பரம் போய்வந்தார். தாலுகா ஆபீசில் வெள்ளத்தில் செத்தவர்களின் பட்டியலில் கண்ணாயிரம் இருந்தான். உடல் கரை ஒதுங்கி, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் அடையாளம் சொல்லியிருந்தார். மனைவியையும் ஒரே மகள் பொன்னியையும் காணவில்லை என்று கூடவே எழுதியிருந்தது. சரி, தாயையாவது பிடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியிலும் போலீசிலும் புருஷன் பெயரை வைத்துத் தேடினார். கண்ணாயிரம் மனைவி என்று எங்கேயும் ஒருத்தி இல்லை. அவளும் தண்ணீரோடு போய்விட்டாள் என்றே நாங்கள் நினைத்தோம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று முடிவாகி, திங்கட்கிழமை பொன்னியை மெட்ராஸில் ஓர் இல்லத்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அங்கே போனால் தத்துக் கொடுத்துவிடுவார்கள். பிறகு யார் வந்து கேட்டாலும் பிள்ளை திரும்பாது.

சனிக்கிழமை தன் மகனைப் பார்க்க ஒருத்தி வந்தாள். வாட்ச்மேன் புருஷன் பெயர் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் சொன்னாள். நாம் தினம் பார்ப்பதுதானே? அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"அப்துலு, எவ புருஷன் பேரத் தன் வாயால சொல்லுவா? கூட வந்தவங்கதான சொல்லணும்? வெள்ளத்துல தனியா வந்து கெடந்தவளுக்கு யாரு சொல்லியிருப்பா?"

"யாரு?"

"யாருமில்ல. அப்ப புருஷன் பேருங்கற கட்டத்துல எவன் பேர எழுதித் தொலச்சாங்களோ!"

அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார். இந்த முறை புருஷன் பெயரை விட்டுவிட்டு பட்டியலில் இருந்த ஊரின் பெயரை வைத்துத் தேடினார். ஆஸ்பத்திரிப் பதிவில் அகப்பட்டாள் தில்லையம்மாள். கணவர் பெயர் தட்சிணாமூர்த்தி என்று இருந்தது. யாரடா இந்த ஆள் என்று விசாரித்தால், காய்ச்சலோடு கிடந்தவளைத் தூக்கிவந்து சேர்த்த வண்டிக்காரன்! அவள் வாயைத் திறக்காததால் குமாஸ்தா பக்கத்தில் நின்றவனைப் பார்த்து, "உம் பேரு என்னய்யா?" என்று கேட்டு எழுதிவிட்டதாக வார்டு ஆயா சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துப் போலீசும் தட்சிணாமூர்த்தி மனைவி என்றே புகாரை எழுதிக்கொண்டது. அடப்பாவிகளா! ஒருத்தன் செய்த தப்பை அடுத்தவன் அப்படியே காப்பி அடித்தால் பிள்ளை எப்படிக் கிடைக்கும்?

நிவாரண முகாமில் இருந்த தில்லையம்மாளை அக்கா திங்கள் காலை அழைத்துவந்தார். வழியெல்லாம் அவள் புருஷனைப் பற்றியே பேசினாளாம். "அவுங்க புள்ளயத் தேடிக்கிட்டு எங்க அலையறாங்களோ, அக்கா." அவன் போய்விட்ட செய்தி அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் வைத்துச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை.

வாசலில் மெட்ராஸ் வேன் நின்றது. சூப்பிரண்டு கெட்டவர் இல்லை. போன மாதம்தான் மாமன் என்று சொல்லி ஒருவன் ஒரு பெண்பிள்ளையை ஏமாற்றி அழைத்துப்போயிருந்தான்.

"எல்லாக் காகிதத்துலயும் வேற ஆள் பேரு இருக்கு. புள்ளயக் காட்டிட்டுக் கேட்டா யாருதான் எம்புள்ள இல்லம்பாங்க? புள்ள பேச்ச நம்பித்தான் போன மாசம் ஏமாந்தோம். மொதல்ல புள்ளயோட அப்பா பேர இந்தம்மா வாயால சொல்லட்டும்."

"அது மட்டும் கேக்காதீங்க ஐயா. சொன்னா அவுங்க ஆயுசு கொறஞ்சிடும்."

"ஊர்க்காரங்க யாரையாவது வரச் சொல்லேன்."

"ஊரே தண்ணியில கெடக்குதுங்க ஐயா."

"அப்ப புள்ள வேணாமா?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதாள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பேருதானம்மா, சொல்லித் தொலையேன்!" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அக்கா பாய்ந்து வந்து அவள் வாயைக் கையால் பொத்தினார்.

"என்னம்மா இது?" என்று சூப்பிரண்டு எழுந்தார். அக்கா அவளை அணைத்தபடி ஸ்டோருக்குள் கூட்டிப்போனார். பின்னாலேயே ஓடிய என்னிடம், "இவ இப்ப சொல்லிட்டு அப்பறம் சேதியக் கேட்டா, நாந்தான் கொன்னேன்னு சாவற வரைக்கும் நெனப்பாடா" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பட்டியலை நானும்தானே பார்த்திருந்தேன்?

அவளை மூட்டை மேல் உட்காரவைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இனிமே சொல்லலாம் தாயீ. ஒண்ணும் ஆவாது. நானும் அப்பறந்தான் எங்க ஊட்டுக்காரர் பேரச் சொன்னேன்."

தில்லையம்மாள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் அழவில்லை. எழுந்து, தானாகவே சூப்பிரண்டின் அறைக்கு நடந்தாள்.

"கண்ணாயிரம்" என்றாள்.

சூப்பிரண்டு எழுதிக்கொண்டார். அவள் மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவை அவள் சொல்லவில்லை, கூப்பிட்டாள். அக்கரையில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரல் அது. "போதும்மா" என்றார் சூப்பிரண்டு. அவரே போய்ப் பொன்னியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டார். தில்லையம்மாள் மகளை இடுப்பில் தூக்கி இறுக்கிக்கொண்டாள். அப்போதும் அவள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.