மணலில் குளம்படி

இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கடற்கரையில் நடந்தேன். "அம்மா, இப்ப நல்லா நிமிர்ந்து நடக்கிறியள்" என்றான் மகன். நான் திரும்பி மணலைப் பார்த்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, தன் நாட்டுக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரர் ஒருவர் தன் குதிரையை அப்பாவிடம் விட்டுப்போனார். அப்பா அதன் தலையைக் கயிற்றால் இறுக்கி, கழுத்தை வில்லாக வளைத்து, இதே கரையில் ஓட்டிக் காட்டினார். கந்தளாயில் மாடுகளோடு வளர்ந்த அம்மா தடத்தைத்தான் பார்த்தார்.

"கழுத்து வடிவுதான். பின்கால் முன்கால் தடத்துக்குக் கிட்டவும் வரேல்லை. முதுகு நோகுதாக்கும், நொண்டப்போகுது."

அப்பா மறுநாள் கயிற்றைத் தளர்த்தி, மாதக்கணக்கில் மெல்ல நடத்தினார். ஒருநாள், அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்று, "மணலை வந்து பாரும்" என்றார். பின்குளம்பு முன்குளம்பின் தடத்திலேயே விழுந்திருந்தது.

இப்போது எனக்குப் பின்னால், மணலில் என் வலக்கால் கோடு இழுத்திருந்தது.

"இன்னும் இல்லை, தம்பி" என்றேன் மகனிடம்.