தட்டின் மேலிருந்து வந்த அர்த்தம்

ஜெயபாயை எங்கள் ஊரில் மலையாளம் சார் என்றுதான் சொல்வார்கள். பாறசாலைப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவர் ஆணோ பெண்ணோ, எல்லாரும் சார்தான். பென்ஷன் வாங்குகிறவரைக்கும் மலையாளம் சொல்லிக்கொடுத்த அந்த மனுஷி வீட்டில் பேசியது தமிழ், ஜெபித்தது தமிழ், கோபம் வந்தால் ஏசியதும் தமிழ். எல்லைக்கோடு போட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் கேரளத்துப் பக்கம் நின்றோம். அதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் உண்டு. ஆனால் ஜெயபாய் மலையாளம் படித்த கதைக்கு முன்னால் என் கோபமெல்லாம் சும்மா.

அந்தக் கோடு போடுவதற்கு முன்னால், அவள் ஆறாம் பாரம், பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. மலையாளத்துக்கு ஒரு பழைய சரித்திர நாவலைப் பாடமாக வைத்திருந்தார்கள். ராஜாக்கள், சதிகாரர்கள், வாள் சண்டை எல்லாம் உண்டு. ஒரு வரி படித்தால் நாலு வார்த்தைக்கு அர்த்தம் தேட வேண்டும், அவ்வளவு சமஸ்கிருதம். எழுதியவர் புண்ணியவான், படித்த பிள்ளைகள்தான் பாவிகள். சந்தையில் மலையாளம் பேசி மீன் வாங்குகிற எங்கள் பிள்ளைகளுக்கே அந்த மலையாளம் வேறு தேசத்துப் பாஷை மாதிரி இருந்தது. அதில் தேறினால் வாத்தியார் டிரெயினிங் கிடைக்கும். மரச்சீனிக் கிழங்கும் வாழையும் போட்டுப் பிழைத்த அவள் அப்பா கனகதாஸின் வீட்டில் அது ஒன்றுதான் நம்பிக்கை.

அந்த வார்த்தைகளை அவளுக்கு ஏற்றிவிட்டது அண்ணன் தேவகுமார். அவன் அதிகம் படித்தவனல்ல, மலையாள எழுத்து மட்டும் கூட்டிப் படிப்பான். பகலில் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கொடி பிடித்துக் கோஷம் போட்டுவிட்டு, சாயங்காலம் வந்து தங்கையிடம் மலையாள வார்த்தைக்கு அர்த்தம் கேட்பான்.

"கோஷம் போட்ட வாயிலா இதையும் சொல்லுகே?" என்று அம்மை ஓமனா கேலி செய்தாள்.

"கோஷம் நாட்டுக்கு, இது சோத்துக்கு ஆக்கும்" என்றான் அவன்.

அவர்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் மனப்பாட வசனம் ஒன்று சொல்ல வேண்டும். யாராவது பாதியில் இடறினால் அடுத்தவர் உடனே எடுத்துக்கொடுக்க வேண்டும். கர்த்தரின் முன்னால் ஒருத்தரை வாயடைத்து நிற்கவிடுவது பாவம் என்பார் கனகதாஸ். வார்த்தை படிப்பதையும் அண்ணனும் தங்கையும் அதே முறையில் வைத்துக்கொண்டார்கள். அவள் இடறினால் அவன் எடுத்துக்கொடுப்பான். அப்படியே அந்த நாவலின் முக்கால்வாசி வார்த்தைகள் அவனுக்கும் பாடமாகிவிட்டன.

ஐம்பத்துநாலு ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கொடி பிடித்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன்பிறகு போலீஸ் வீடு வீடாக ஏறியது. வெள்ளாடு மேய்த்தவன்கூட அடி வாங்கினான். தேவகுமார் அடுப்படிக்கு மேலே விறகும் தேங்காயும் போட்டு வைக்கும் தட்டில் ஏறிப் பதுங்கினான். சாப்பாடு அங்கேயே போயிற்று. ஜெயபாய் கீழே உட்கார்ந்து வார்த்தை படித்தாள், அவன் மேலேயிருந்து மெதுவாகத் திருத்தினான்.

ஒரு மத்தியானம் போலீஸ் வந்தது. கூட வந்த சப் இன்ஸ்பெக்டர் வடக்கே எங்கேயோ உள்ள மலையாளி, படித்த மனுஷன். மகன் நாகர்கோவிலுக்குப் போயிருக்கிறான் என்று கனகதாஸ் சொன்னார். அப்படியானால் மகன் வரும்வரை அப்பன் ஸ்டேஷனில் இருக்கட்டும் என்றார் அவர். ஏற்கெனவே நெஞ்சு வலிக்காரர் கனகதாஸ். அந்த ஸ்டேஷனுக்குள் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று ஊருக்கே தெரியும். ஓமனா சப் இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தாள்.

அப்போது அவருடைய கண் ஜன்னல் படியில் கிடந்த நாவலில் பட்டது. எடுத்துப் புரட்டினார். தானும் அதைப் படித்ததாகச் சொன்னபோது முகம்கூடக் கொஞ்சம் இளகியது. மலையாளம் வேண்டாம் என்று கொடி பிடிக்கிற வீட்டில் இந்தப் புத்தகமா என்று சிரித்தார். ஒரு வார்த்தையில் விரலை வைத்து ஜெயபாயைக் கூப்பிட்டார்.

"இதிகர்த்தவ்யதாமூடன். இதின்டெ அர்த்தம் பற. பறஞ்ஞால் அச்சனெ விட்டுட்டுப் போகாம்."

அர்த்தம் சொன்னால் அப்பாவை விட்டுவிடுவாராம். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது. அந்த வார்த்தை ஜெயபாய்க்கு நன்றாகத் தெரியும், நூறு தடவை சொன்ன வார்த்தை. ஆனால் ஒரு போலீஸ்காரன் அப்பாவின் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்டார். அவள் அப்படியே நின்றாள். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, கூட்டிக்கொண்டு போங்கள் என்று கையைக் காட்டினார்.

"எந்து செய்யணமென்னறியாதெ நில்குந்நவன்."

என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவன். தட்டின் மேலிருந்து சுத்தமான மலையாளத்தில் வந்தது சத்தம். பிறகு அவனே இறங்கி வந்தான். அப்பாவை விட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பழக்கதோஷத்தில் எடுத்துக்கொடுத்துவிட்டான் என்று ஊரில் இன்னும் சிலர் சொல்வார்கள். சொல்கிறவர்களைச் சொல்லி என்ன பயன், நாக்குக்கு எலும்பா இருக்கிறது? அப்பாவுக்குப் பதில் தான் போக முடிவு செய்துதான் அவன் வாய் திறந்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போகும்போது அவன் ஜெயபாயைத் திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"மக்கா, பரீட்சை எழுதணும் கேட்டியா."

அவள் எழுதவில்லை. புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். தான் அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லியிருந்தால் அண்ணன் போயிருக்க மாட்டான் என்று அழுதாள். மார்ச் மாதம் மற்றப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போன அன்று இவள் தோட்டத்தில் மரச்சீனிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

ரிசல்ட்டெல்லாம் வந்த பிறகுதான் தேவகுமார் வீட்டுக்கு வந்தான். முன்பற்கள் இல்லை. இருமினால் துணியில் இரத்தம் பட்டது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் கனகதாஸைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். பாயில் சாய்ந்தபடி அவன் தங்கையிடம் கேட்டான்.

"பாஸ் ஆனியா?"

"ஆனேன் அண்ணா."

அவள் வேறு என்ன சொல்வாள்? அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஓமனா அடுப்படிக்குப் போய் அழுதாள். அன்றுமுதல் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், தங்கச்சி மலையாளத்தில் பாஸ் என்று அவன் சொன்னான். முடிந்த நாளில் கடைத்தெரு வரைக்கும் தடி ஊன்றி நடந்து அங்கேயும் சொன்னான். உண்மை தெரிந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன்.

மழைக்காலம் முடிவதற்குள் தேவகுமார் செத்தான். அடக்கம் முடிந்து வந்த வாரமே ஜெயபாய் நாவலை எடுத்தாள். எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல், இடறிய இடத்திலெல்லாம் அழுதழுது தானே படித்தாள். அடுத்த மார்ச்சில் நெய்யாற்றின்கரைக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். பாஸானாள்.

ரிசல்ட் பார்த்துவிட்டு வருகிற வழியில் சோமனின் கடையில் கொஞ்சம் கற்கண்டு வாங்கினாள். என்ன விசேஷம் என்று சோமன் கேட்டான். பாஸாகிவிட்டேன் என்றாள்.

"அது போன வருசமே அறிஞ்ச காரியம் இல்லியா மக்கா" என்றான் சோமன். "உன் அண்ணன் இந்த பெஞ்சில இருந்துதானே சொன்னான்."

ஆமாம் என்று சொல்லிவிட்டு, கற்கண்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஜெயபாய் வீட்டுக்கு நடந்தாள்.