உப்பில் கிடந்த கறுப்பு முடி

இரண்டு வருடத்துக்கு முந்தி, பங்குனி மாதம். தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் பார்க்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குச் சுகர் வந்து பல வருடம் ஆகிறது. மாத்திரை சாப்பிடுவேன். தீர்ந்தால் சில நாள் விட்டுவிடுவேன். அந்த வருடம் பொங்கல் கழிந்து கண் மங்கலாக இருந்தது. உப்பளத்தில் எல்லோருக்கும் கண் கூசும். வெயில் மேலே இருந்தும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும். அதனால்தான் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் கண் முகாம் போட்டார்கள். என்னோடு ஜோடியாக உப்பு வாருகிறவள் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முகாமில் பார்த்துவிட்டு, டவுனில் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். சுகர் உள்ளவர்களுக்கு வைட்டமினும் சேர்த்துப் பார்க்கிறோம் என்றார்கள்.

மறுபடி வரச்சொன்ன அன்றைக்கு டாக்டரம்மா இரண்டு சேதி சொன்னார். கண்ணுக்குப் பின்னால் சின்னச் சின்ன ரத்தக்குழாய் கசிகிறது, சுகரால் வந்தது, லேசர் வைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. இது ஒன்று. வைட்டமின் டி மிகவும் குறைவாக இருக்கிறது. இது இன்னொன்று. அந்த வைட்டமின் குறைந்தவர்களுக்குக் கண் கெடுவது கூடுதலாக இருக்கிறதாம். எதனால் எது வருகிறது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

எது டி என்று கேட்டேன். வெயிலில் கிடைக்கிற சத்து என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நான் வெயில்லதானம்மா கெடக்கேன்.”

“வேலைக்கு எப்படிப் போவீங்க?”

சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை. தலையிலும் முகத்திலும் துண்டு. காலில் உறை. உப்பும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெடித்துவிடும். அதனால் மூடிக்கொள்வோம். அதைச் சொன்னேன். அப்படியென்றால் வெயில் உங்கள் தோலில் எங்கே படுகிறது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். வெளியே தெரிவது கண் மட்டும்தான்.

அளத்தில் இதைச் சொன்னதும் என் ஜோடிக்காரி விடவில்லை.

“ஏளா, தூத்துக்குடி வெயிலு பத்தலையாமே ஒனக்கு! கயத்தாத்துல இருந்து ரெண்டு மூடை வெயிலு எறக்கச் சொல்லட்டா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லேசர் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்டவர்களிடம் சத்துக் குறைவு என்றேன். வீட்டுக்காரரிடமும் அப்படித்தான். அவர் துறைமுகத்தில் லாரிக்கு மூடை ஏற்றுகிறவர். “அவ்வளவுதானா? முட்டை தின்னு” என்றார். திரேஸ்புரத்துக்குப் போய்ச் சாளை மீன் வாங்கிக்கொண்டு வந்தார்.

வாரத்துக்கு ஒரு பொட்டலம் பொடி கொடுத்திருந்தார்கள். பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். ஒரு வாரம்கூட விடவில்லை. ரொம்ப நாளாக இருந்த கால் குடைச்சல் குறைந்தது. கண்ணும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். லேசர் என்றால் கண்ணுக்குள் நெருப்பு மாதிரி எதையோ விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்கள் சொன்ன தேதி வந்தது. நான் வேலைக்குப் போனேன். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

சித்திரை பிறந்து சில நாள். காலையில் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தோம். உப்பில் ஒரு கறுப்பு முடி கிடந்தது. நீள முடி. உப்பில் முடியோ தூசியோ கிடந்தால் கங்காணி சத்தம் போடுவார். குனிந்து எடுக்கப் போனேன். கைக்கு வரவில்லை. தள்ளிப் போயிற்று. மறுபடி கையை விட்டேன். மறுபடியும் தள்ளிப் போயிற்று.

“என்னத்தளா தேடுத?”

“முடி கெடக்கு. எடுக்கேன்.”

“எங்கன?”

“இங்கனதான்.”

அவள் உப்பு வாருகிற பலகையை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள்.

“ஒண்ணையும் காணோம். கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் இடது கண்ணைப் பொத்தினேன். உப்பு வெள்ளையாக இருந்தது. முடி இல்லை. வலது கண்ணைப் பொத்தினேன். முடி இருந்தது. ஒன்று இல்லை, நாலைந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் மை விட்ட மாதிரி கறுப்பு பரவி இறங்கியது. வலி இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு கண் போகும்போது கொஞ்சமாவது வலிக்க வேண்டாமா?

நான் பலகையைக் கையில் எடுத்தேன். பாத்தி பாதியில் நின்றது. முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். லேசர் வைக்கச் சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் கையில் இருந்த பலகையைப் பிடுங்கிப் போட்டாள்.

கங்காணி வரப்பில் நின்று என்ன என்று கேட்டார்.

“அண்ணாச்சி, இவளுக்குக் கண்ணு போவுது. உம்ம உப்பை நீரு வாரிக்கிடும்.”

அவர் திரும்பி, உப்பு ஏற்றிக்கொண்டு நின்ற லாரியைக் கை காட்டினார். டிரைவர் யார் என்று எனக்குத் தெரியாது. எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டார். லோடு இறக்க வேண்டிய இடத்துக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டார். ஆடாமல் உட்காருங்க அம்மா என்று மட்டும் வழியில் சொன்னார். அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

அதே டாக்டரம்மா. பார்த்து முடித்துவிட்டு, கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்.

“அந்தப் பொடியைக் குடிச்சீங்களா?”

“விடாம குடிச்சேன்.”

“லேசருக்கு ஏம்மா வரல?”

பொடி குடித்தால் போதும் என்று நினைத்தேன் என்றேன். பொடி உடம்புக்கு, எலும்புக்கு நல்லது, ஆனால் கசிகிற குழாயை அது அடைக்காது என்று மறுபடியும் பொறுமையாகச் சொன்னார். முதல் தடவையும் இதைச் சொல்லியிருப்பார். அப்போது நான் வெயில் சத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வலது கண்ணுக்கு அந்த வாரமே லேசர் வைத்தார்கள். பளிச் பளிச்சென்று வெளிச்சம். உள்ளே சுருக் சுருக்கென்று குத்தியது. அவ்வளவுதான். இதற்குப் பயந்தா ஒளிந்து திரிந்தோம் என்று இருந்தது. அந்தக் கண் தப்பிவிட்டது. இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். கொஞ்சம்தான் திரும்பியது. அந்தக் கண்ணில் ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது.

இப்போது ஒரு கண்ணை வைத்துக்கொண்டு உப்பு வாருகிறேன். மாத்திரையை விடுவதில்லை. சுகர் பார்க்க, கண் பார்க்க என்று நடந்துகொண்டே இருக்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போது சில நாள் திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றும். போவதில்லை. இடது கண்ணுக்கு என்ன என்று அளத்தில் புதிதாக வருகிறவர்கள் கேட்டால், சுகர் என்று சொல்கிறேன்.

டாக்டரம்மா அன்றைக்கு இரண்டு சேதி சொன்னார். லேசானதை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்னொன்று நான் கூப்பிடாமலே என் கண்ணுக்குள் இருந்துகொண்டே கூட வந்திருக்கிறது. அதனால் இப்போது அவர் பேசி முடித்த பிறகும் நான் எழுந்திருப்பதில்லை. கேட்கப் பிடிக்காதது இன்னும் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.