ஐந்தருவிச் சாலையில் ஒரு சிகிச்சை

தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்குச் சாரல் காலத்தில் அந்த வீட்டில் இடமிருக்காது. குற்றாலத்தில் குளிக்க வந்த உறவினர்கள் மாடிப்படி வரை படுத்திருந்தார்கள். என் மகளுக்கோ சனிக்கிழமைதோறும் மதுரை உளவியலாளரிடம் கைபேசியில் ஒரு மணி நேரம் தனியே பேசியாக வேண்டும். சட்டெனக் கொதித்துத் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஆளுமைக் கோளாறு அவளுக்கு. டாக்டர் பார்டர்லைன் என்றார்.

மைத்துனரை ஐந்தருவியில் இறக்கிவிட்டு, காரை ஓரங்கட்டி அவளைப் பேசவிடுவது என் திட்டம். என் திட்டங்களைப் பற்றி என் மனைவிக்குத் தனிக் கருத்து உண்டு.

பாதி வழியில் வண்டிகள் நின்றுவிட்டன. நேரமாகிவிட்டதால் மகள் பின்னிருக்கையில் பேச ஆரம்பித்தாள். நானும், வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துத் துண்டோடு கிளம்பியிருந்த மைத்துனரும் இறங்கித் தூறலில் நின்றோம். உளவியலாளரின் கட்டணத்தில் பாதி அவர் தருவது.

“ஒரு வருசமா பேசுதா அத்தான். பேசுததுக்கா இம்புட்டு துட்டு? மாத்திரையோட நிறுத்திக்கிடுவோமே.”

இதற்குப் பேச்சுதான் முதல் மருந்து என்றேன். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடியதையும், இப்போது ஓடாததையும் சொன்னேன். நடக்காத செலவுக்கு ரசீது கிடையாதே. வாதம் எடுபடவில்லை.

பின்னால் ஹாரன். முன்வண்டி நகர்ந்திருந்தது. ஓடிப்போய் ஏறினோம்.

“ஓட்டுங்கப்பா. நீங்க கேட்டாலும் பரவால்ல,” என்றாள் மகள்.

பத்தடி ஓட்டினேன். மறுபடி நின்றது. என் பக்கம் கதவைத் திறக்க முடியாமல் ஒரு சுற்றுலா வேன். ஏற்றிய கண்ணாடிக்குள் நல்லெண்ணெய் வாடை. காதை மூடிக்கொள்வதா, ஸ்டியரிங்கைப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

“மாமா என்னையப் பத்திதான் பேசிருப்பாங்க மேடம். கதவத் திறந்து ஓடிரணும் போல இருக்கு… ஆமா, கை கைப்பிடிலதான் இருக்கு.” மேடம் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. “கைய எடுத்துட்டேன். மடில வச்சிருக்கேன்.”

இரண்டு சாரலுக்கு முன் இதே சாலையில், ஓடும் காரின் கதவைத் திறந்து குதித்தவள் அவள். அன்று ஓட்டியவர் மைத்துனர். இப்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மறுபடி ஹாரன். கண்ணாடியை இறக்கி, “பொறுலே, பிள்ள பேசுதால்லா,” என்று பின்வண்டிக்காரனை அதட்டினார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், “அடுத்த மாசத்துக்குத் துட்டு அனுப்பிருதேன் அத்தான்.”

அடுத்த மாதமும் இதே பேச்சை முதலிலிருந்து ஆரம்பிப்பார். முன்னால் எந்த வண்டியும் நகரவில்லை.