எதுக்கும் ஆகாத பூவைத் தேடி

எந்தக் காட்டுச் செடி எங்கே முளைக்குதுன்னு பார்த்து வரைபடத்தில் புள்ளி வைக்கிறது என் வேலை. அட்டைக்கடி வாங்கின சகாக்களுக்குத் தெரியும், பூவைப் பார்க்காமல் புள்ளி வைக்க முடியாது.

ஜீப்பில்

மேற்குத் தொடர்ச்சி மலையோட கேரளாச் சரிவில் ரோஸ் நிறத்தில் பூக்கிற ஒரு காட்டுக் காசித்தும்பை நம்ம பக்கமும் இருக்கான்னு கண்டுபிடிக்கணும். சாரல் நின்னால் பூவும் போச்சு, அப்புறம் ஒரு வருஷம் காத்துக் கிடக்கணும். கம்பத்திலிருந்து எஸ்டேட்டுக்கு ஆளேத்திப் போற ஜீப்பில் நானும் நெருக்கியடிச்சு உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவில் பாறை ஓரமா ரோஸ் நிறம் தெரிஞ்சதும் நிறுத்தச் சொல்லிக் கத்திட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால் மிட்டாய்க் காகிதம்!

டிரைவர் கோபப்படலை. "மேடம், இவுக நேரத்துக்குப் போனாத்தான் இன்னைக்கு வேலை. அடுத்த தடவ நல்லாப் பாத்துட்டுக் கத்துங்க."

வாழைத்தோப்பில்

கடைசியில் பண்ணைப்புரத்தில், பெருமாள் அண்ணன்ங்கிற விவசாயியோட வாழைத்தோப்பு வாய்க்கால் கரையில் அந்தச் செடி மாதிரியே சிலது நின்னுச்சு. எல்லாம் மொட்டு. பூத்ததும் போன் பண்ணச் சொல்லி, செடியைத் தொட்டுக் காட்டினேன். எந்த நோய்க்குக் கேட்கும்னார். எதுக்கும் கேட்காது, தமிழ்நாட்டுச் சரிவில் இருக்குன்னு தெரிஞ்சாலே எனக்குப் போதும்னேன்.

என்னை ரொம்பப் பாவமாப் பார்த்தார். "எதுக்கும் ஆகாத செடிக்கா ஆத்தா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீக?"

வாய்க்கால் கரையில்

பூத்துருச்சுன்னு போன் வந்துச்சு. தேனியிலிருந்து முதல் பஸ்ஸில் ஓடினேன். கரையில் ஒரு புல் பூண்டு இல்லை, பளிச்சுன்னு செதுக்கிக் கிடக்கு! எனக்கு அழுகையே வந்துருச்சு. வீட்டுக்கு விருந்தாள் வந்தால் வாசல் கூட்டுவோமில்லையா, அந்த மரியாதையில் பெருமாள் அண்ணன் செஞ்ச வேலை. சேத்துல நான் வழுக்கி விழக் கூடாதுன்னு அக்கறை வேற.

"அண்ணே, செடி?"ன்னேன். சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குக் கூட்டிப்போனார். குழாயடியில் ஒரு பெயின்ட் வாளி. அதில் ஒத்தைச் செடி, பூவோட. லென்ஸை வச்சுப் பார்த்தேன். அதேதான்! சந்தோஷப்படுறதா, தலையில் அடிச்சுக்கிறதா?

பெருமாள் அண்ணன் முகமெல்லாம் பெருமை. "நீங்க தொட்டுக் காட்டுன செடிய மட்டும் வேரோட பத்திரமா எடுத்து வச்சுட்டேன். மத்ததெல்லாம் களைதான ஆத்தா?"

வாய்க்கால் கரையில் மறுபடி ஏதாவது முளைக்கிற வரைக்கும், மலைக்கு இந்தப் பக்கம் அந்தச் செடி இயற்கையா வளருதுன்னு எனக்குத் தெரிஞ்ச ஒரே இடம் ஒரு பெயின்ட் வாளி.